கால் மாத்திரையின் கசப்பு

ஸ்டென்ட் வைத்த தாத்தாவுக்கு எழுதித் தரும், ரத்தம் உறைவதைத் தடுக்கும் அதே குளோபிடோக்ரல் மாத்திரையைத்தான் இதய நோய் வந்த பூனைக்கும் எழுதித் தருகிறார்கள். 75 மில்லிகிராம் மாத்திரையை நான்காக வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு துண்டு. வெட்டிய இடத்தில் மேல்பூச்சு போய்விடும். உள்ளே இருப்பது கடுங்கசப்பு. அது நாக்கில் பட்டதும் பூனை தலையை உதறும், வாயிலிருந்து நுரைநுரையாக எச்சில் வழியும், பிடித்த கையைக் கீறிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலு நாள் போனால் மாத்திரை அட்டையின் சத்தம் கேட்டாலே ஆளைக் காணோம். இப்படித் தினமும் மிரட்டி ஒரு உயிரின் ஆயுளை நீட்டுவது அன்புதானா என்ற கேள்வி, கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற எவருக்கும் வரும்.

பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் மிகுதியாகக் காணப்படுவது, இடது கீழறையின் தசைச் சுவர் தடித்துப்போவது. எக்கோவில் சுவர் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தெரிந்தால் மருத்துவர் யோசிக்கத் தொடங்குவார். தடித்த சுவர் சரியாகத் தளராது. இடது மேலறையில் ரத்தம் தேங்கும். அதனால் நுரையீரலில் நீர் கோக்கலாம், அல்லது தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகலாம். அந்தக் கட்டி நழுவி, பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரிகிற இடத்தில் அடைத்துக்கொண்டால், காலையில் ஜன்னலில் தாவிய பூனை மதியம் கால்களை இழுத்துக்கொண்டு அலறும். அதுவரை ஒன்றுமே தெரியாமல் இருந்திருக்கலாம். பிரிட்டனில் காப்பகங்களில் இருந்த, பார்வைக்கு நல்லபடியாக இருந்த சுமார் ஆயிரம் பூனைகளைப் பரிசோதித்தபோது ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்துக்கு இந்தத் தடிப்பு இருந்ததாக 2015-இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

கசப்பு மருந்தை மனிதர் விழுங்குவது ஒரு கணக்கின் பேரில். இன்றைய துன்பத்தைக் கொடுத்து நாளைய நாட்களை வாங்குகிறோம் என்பது அவருக்குத் தெரியும், அதற்குச் சம்மதித்திருக்கிறார். பூனைக்கு அந்தக் கணக்கு இல்லை. அதற்குத் தெரிவதெல்லாம் வாயைத் திறக்கிற விரல் மட்டுமே. அதன் சார்பில் வேறொருவர் கடன் வாங்குகிறார். ஆகவே அந்தக் கடன் பூனையே உணரக்கூடிய வகையில் திரும்பி வருகிறதா என்று ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கேட்டாக வேண்டும்.

நுரையீரலில் நீர் கோத்த பூனைக்குத் தரும் ஃபுரோசமைடு இந்தக் கேள்விக்குச் சுலபமாகப் பதில் சொல்லிவிடும். வயிறு துருத்தித் துருத்தி மூச்சுக்குத் தவித்த பூனை, ஊசி வேலை செய்தால் சில மணி நேரத்தில் முன்னங்கால்களை மடித்துப் படுத்துத் தூங்கும். குளோபிடோக்ரல் அப்படியில்லை. வராமல் போன கட்டிக்காகப் பூனை நிம்மதி அடைய முடியாது. ஆனாலும், ஒருமுறை கட்டி அடைத்துப் பிழைத்த 75 பூனைகளை வைத்து நடந்த ஆய்வில், ஆஸ்பிரின் சாப்பிட்டவற்றுக்கு மறுபடி கட்டி வரும் வரையிலான இடைநிலைக் காலம் 192 நாள். குளோபிடோக்ரல் சாப்பிட்டவற்றுக்கு 443 நாள். எட்டு மாதம் பூனையின் ஆயுளில் சின்னக் காலமல்ல. மேலறை வீங்கிய பூனைக்கு அதைத் தருவதே சரி. ஆனால் தருகிற விதமும் அறத்தில் சேர்ந்ததுதான்: துண்டைக் காலி கேப்ஸ்யூலில் போட்டால் கசப்பு நாக்கில் படாது, தூங்குகிற இடத்தில் போய்ப் பிடிக்கக் கூடாது, விழுங்கியதும் பிடித்த உணவு ஒரு வாய். மறுபக்கம், அறிகுறி எதுவும் இல்லாத பூனைக்கு, இதயத் துடிப்பைக் குறைக்கும் அடெனோலால் தருவதால் ஆயுள் கூடும் என்பது நிரூபணமாகவில்லை. மருத்துவர் தனிக் காரணம் காட்டாதபோது, "எதையாவது கொடுத்துக்கொண்டிருக்கிறோம்" என்று வீட்டார் மனம் ஆறுவதற்காக ஒரு பூனையை நாள்தோறும் பிடித்து அமுக்குவது நியாயமாகாது.

ஒரு பூனைக்கு இவ்வளவு செலவா என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் பூனையின் இதயத்தில் மனிதர் கை வைத்தது இன்று நேற்றல்ல; அந்தப் பொறுப்பும் மனிதருடையதே. மெயின் கூன் இனத்தில், தசைச் சுவர் தடிக்கும் இந்த நோய்க்கான மரபணு மாற்றம் 2005-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அழகுக்காக நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்வித்தவர்கள் மனிதர்கள். 1987-இல் பால் பியான் குழுவினர், டாரின் என்ற சத்து போதாமல் பூனைகளின் இதயம் தளர்ந்து வீங்குவதைக் கண்டறிந்தார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற தீவனம். டாரின் சேர்க்கப்பட்ட பிறகு அந்த நோய் அபூர்வமாயிற்று. சைவ வீட்டில் தயிர்சாதம் மட்டுமே போட்டுப் பூனை வளர்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். மீனும் இறைச்சியும் தரும் டாரினைத் தயிர்சாதம் தராது.

காசில்லாத வீட்டிலும் செய்ய முடிந்தது ஒன்று உண்டு. பூனை அயர்ந்து தூங்கும்போது விலாவின் மயிர் ஏறி இறங்குவதைப் பார்த்து அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. தொடர்ந்து அதைத் தாண்டினால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதற்குப் பூனையைத் தொடக்கூட வேண்டாம்.

பின்னங்கால்கள் இரண்டும் சில்லிட்டு, பாதங்கள் வெளுத்துப்போன இரவில் கேள்வி மாறிவிடுகிறது. முதலில் வலிக்கு ஊசி. மற்ற எல்லாப் பேச்சும் அதற்குப் பிறகு. மீள வாய்ப்பில்லை என்று மருத்துவர் சொன்னால், "நாம் ஏன் உயிரை எடுக்க வேண்டும், அதன் விதிப்படி போகட்டும்" என்று வீட்டில் ஒருவராவது சொல்வார். கொல்லாமையில் ஊறிய மனத்தின் சொல் அது, மதிக்கத்தக்கது. ஆனால் மாத்திரையை வெட்டிய நாட்களில் யாரும் விதியென்று விட்டுவிடவில்லை. அத்தனை காலமும் அதன் நாட்களைத் தம் கையில் வைத்திருந்தவர்கள், கடைசி இரவில் மட்டும் கையை எடுத்துக்கொண்டால் அந்த வலி முழுவதும் பூனையின் தலையில்தான் விழும். கருணைக்கொலைக்கான தாளில் கையெழுத்துப் போட்டபின் வெளியே போய் நிற்க வேண்டாம். மேசையின் மேல், பழகிய ஒரு கை, மாத்திரை இல்லாத கை, அதன் நெற்றியில் இருக்கட்டும்.