கதையுலகங்களின் இணைப்பும் அறமும்

ஒருவர் படைத்த கதைமாந்தரை வேறொருவர் படைத்த கதையுலகிற் கொண்டு சென்று விடுதல் புதிய வழக்கன்று. ஆயினும், தாம் விரும்பிய நூல்களின் மாந்தரைக் கொண்டு வாசகர்களே தொடர்கதை புனையும் இரசிகர் புனைகதை பெருகியதன் பின்னர், எவ்வுலகை எவ்வுலகோடு இணைப்பது என்னுந் தெரிவு பலர் முன்னும் வந்து நிற்கின்றது. இது சுவை பற்றிய தெரிவாகவே பெரும்பாலுங் கொள்ளப்படுகின்றது. இருவர் சந்தித்தால் வெல்பவர் யார் என்ற ஆவலே முதலில் எழும், அதிற் குற்றமுமில்லை. ஆனால் கதையுலகமென்பது பெயர்களும் இடங்களும் மட்டுந்தானா? எதை நம்புவது அறிவு, எதை நம்புவது பேதைமை, எவரை ஐயுறுவது அநீதி என்பவற்றையும் அவ்வுலகமே வகுத்து வைத்திருக்கின்றது. உலகங்களை இணைப்பவர் இவற்றையுஞ் சேர்த்தே இணைக்கின்றார்.

சட்டம் இவ்விடத்து அதிகம் உதவுவதில்லை. 1906இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொரிஸ் லெப்ளாங், தமது ஆர்சேன் லூப்பின் என்னுங் கள்வனின் கதையொன்றிற் ஷேர்லொக் ஹோம்ஸை வரவழைத்தார். கொனன் டொயில் ஆட்சேபிக்கவே, பெயரின் எழுத்தை இடம்மாற்றி 'ஹெர்லொக் ஷோல்மெஸ்' ஆக்கினார். குறிக்கப்பட்டவர் யார் என்பதில் எவ்வாசகருக்கும் ஐயம் இருந்திராது. 2023இன் தொடக்கத்தில், ஐக்கிய அமெரிக்காவிலும் ஹோம்ஸ் கதைகள் அனைத்தினதும் பதிப்புரிமை முடிவுற்றது. ஆகவே இன்று ஹோம்ஸை எங்குங் கொண்டு செல்லலாம். எங்கு கொண்டு செல்வது தகும் என்பதே எஞ்சியுள்ள வினா.

பலருக்கும் பிடித்தமான இணைப்பொன்றை நோக்குவோம். பிராம் ஸ்ரோக்கரின் 'டிராகுலா' 1897இல் வெளிவந்தது. அதன் நிகழ்வுகள் நடைபெறும் இங்கிலாந்தும் ஹோம்ஸின் இங்கிலாந்தும் ஏறத்தாழ ஒரே காலத்தவை. எனவே இருவரையுஞ் சந்திக்க வைக்கும் ஆசை இயல்பானதே. 1978ஆம் ஆண்டில் மட்டும் இச்சந்திப்பைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் இரண்டு வெளியாயின. காலமும் இடமும் பொருந்துகின்றன. பொருந்தாதது எது?

டொயில் 1924இல் வெளியிட்ட சசெக்ஸ் இரத்தக்காட்டேரி பற்றிய கதை இதற்கு விடை தருகின்றது. பெரு நாட்டிலிருந்து இங்கிலாந்துக்கு மணமுடித்து வந்த பெண்ணொருத்தி, தன் கைக்குழந்தையின் கழுத்தில் வாய்வைத்து இரத்தம் உறிஞ்சக் காணப்படுகின்றாள். அவள் அந்நியள், வேற்றுச் சமயத்தவள், கணவனுக்கே அவள் உள்ளம் முழுதும் விளங்கியதில்லை. ஐயம் கொள்வதற்கு வேறென்ன வேண்டும்? ஹோம்ஸோ இரத்தக்காட்டேரி என்ற விளக்கத்தைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட்டு வேறு காரணந் தேடுகின்றார். கணவனின் மூத்த தாரத்து மகன் பொறாமையால் நஞ்சூட்டிய அம்பினாற் குழந்தையைக் குத்தியிருந்தான். தாய் உறிஞ்சியது அந்நஞ்சை. மகன்மீது உயிரையே வைத்திருந்த கணவனின் நெஞ்சு உடையக்கூடாதென்றே அவள் பழியைச் சுமந்து மௌனங் காத்தாள்.

அவளை மீட்டது ஹோம்ஸின் கூர்த்த அறிவு மட்டுமன்று. இரத்தக்காட்டேரிகள் இல்லாத உலகொன்றில் அவள் வாழ்ந்தாள் என்பதே அவளை மீட்டது. அவ்வுலகினுள் டிராகுலாவை நுழைய விட்டால் என்ன நிகழும்? கணவனின் ஐயம் பேதைமை என்ற நிலையிலிருந்து நியாயமான முன்னெச்சரிக்கை என்ற நிலைக்கு உயர்ந்துவிடும். அவ்விளக்கத்தை ஆராயாமலே தள்ளிய ஹோம்ஸ், அதிட்டத்தால் தப்பிய அசட்டைக்காரராகிவிடுவார். அந்தத் தாயின் பெயர் புதிய கதையில் ஓரிடத்தும் வராதிருக்கலாம். எனினும் அவள் பெற்ற விடுதலையின் அடித்தளம் அங்கே பெயர்க்கப்படுகின்றது.

டிராகுலாவின் உலகிலோ நீதி நேர்மாறானது. அங்கே விடுதிக்காரி கொடுத்த சிலுவையே காப்பு. நாட்டார் நம்பிக்கையே மெய்யறிவு. அறைக்காற்றுப் புழுங்குகின்றதென்று மகளின் கழுத்திலிருந்து வெள்ளைப்பூண்டு மலர்களை அகற்றிய தாய், அறியாமலே அவளைச் சாவுக்கு ஒப்புக்கொடுக்கின்றாள். ஓருலகில் ஐயுறுதல் பாவம். மற்றையதில் ஐயுறாமை ஆபத்து. இவ்விரண்டையும் ஒன்றாக்கியபின் இரண்டிலொன்று பொய்த்தே தீரும்.

கற்பனைப் பெண்ணொருத்திக்கு நேரும் அநீதி யாரைச் சுடும் என்று கேட்கலாம். கேள்வி தட்டிக்கழிக்கத் தக்கதன்று. அவள் இல்லாதவள்தான், ஆனால் அயலிலிருந்து வந்தவள், பேச்சுக் குறைந்தவள், பழக்கம் வேறானவள் என்பதற்காகப் பெண்களைச் சூனியக்காரிகள் என்று தூற்றிய ஊர்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. அத்தகைய ஐயத்துக்கு எதிராக வாசகரைப் பழக்கிய கதையொன்றின் உறுதியைக் குலைத்தல் வெறும் விளையாட்டென்று கூறிவிட இயலாது. இதனால் இவ்விணைப்பே கூடாதென்பதும் பொருளன்று. டிராகுலாவைக் கண்ட ஹோம்ஸ், தாம் முன்னர் தள்ளியவற்றை நினைத்து நடுங்குவதாக ஒருவர் எழுதலாம். சசெக்சின் அந்த வீட்டுக் கதவை மீண்டுந் தட்டுவதாகவும் எழுதலாம். அது கடினமான கதை. கடினத்தைத் தவிர்த்து, இரு பெயர்களின் புகழை மட்டும் அறுவடை செய்வதே குறைக்குரியது.

வியாச பாரதத்தின் வன பருவத்தில் வீமன் அனுமனைக் காணும் இடம் இவ்வகையில் வியக்கத்தக்கது. இராமகதையின் வீரன் பாரதக்கதையின் வீரனுடைய வழியில் முதுகுரங்காகப் படுத்திருக்கின்றான். வீமனால் அவன் வாலைக்கூட அசைக்க முடியவில்லை. இருவரும் வாயு மைந்தர் என்ற உறவு இரு கதைகளையும் பிணைக்கின்றது. கடல் தாவிய பேருருவைக் காட்டுமாறு வீமன் வேண்டும்போது, யுகங்கள் வேறாயின, அவற்றின் அறமும் ஆற்றலும் வேறாயின என்று அனுமன் விளக்குகின்றான். உலகங்களுக்கிடையிலுள்ள தூரம் மறைக்கப்படவில்லை. அதுவே அவர்களின் பேச்சுப்பொருளாகின்றது.

இதனினும் முக்கியமானது அனுமன் அளிக்கும் வாக்கு. இலங்கையை எரித்தவனைப் போர்க்களத்தில் இறக்கிவிடும் வாய்ப்புக் கதைசொல்லியின் கையில் இருந்தது, கேட்போரும் மகிழ்ந்திருப்பர். ஆனால் அவன் அருச்சுனனின் கொடியில் அமர்ந்து முழங்குவதாக மட்டுமே வாக்களிக்கின்றான். பதினெட்டு நாட்களும் கொடியிலேயே இருக்கின்றான். பீட்டுமனையும் துரோணனையும் கன்னனையும் எதிர்நின்று கொல்ல வேண்டிய சுமை, அதற்குரியவர்களின் தோளிலேயே கிடக்கின்றது.