அனுப்புவதற்கும் போவதற்கும் நடுவே

அனுப்பும் பொத்தானைத் தொட்டதுமே கடிதம் போய்விட்டது என்று நாம் நம்புகிறோம். ஜிமெயிலில் அது உடனே போவதில்லை. திரையின் அடியில் ‘செயல்தவிர்’ என்ற சிறு சொல் தோன்றி மறையும்வரை கடிதம் நம் பக்கமே நிற்கிறது. 2009-இல் சோதனை முயற்சியாக வந்து, 2015-இல் எல்லோருக்குமான அமைப்பாக நிலைபெற்ற வசதி இது. நாமாக மாற்றாதவரை அந்த இடைவெளி 5 நொடி; மாற்றிக்கொண்டால் 30 நொடி வரை. மாற்றிக்கொண்டவர்கள் நம்மில் சிலரே இருப்பார்கள் என்று எண்ணுகிறேன்.

போன கடிதத்தைத் திரும்ப அழைக்கும் வித்தை என்றுதான் பலரும் இதைக் கருதுகிறார்கள். ஆனால் ஒரு சர்வர் மற்றொரு சர்வரிடம் கடிதத்தை ஒப்படைத்துவிட்டால், அதைத் திருப்பிக் கேட்பதற்கு மின்னஞ்சலின் அடிப்படை விதிகளில் வழியே கிடையாது. 1982-இல் வகுக்கப்பட்ட நாள்முதல் அவை அப்படித்தான் இருக்கின்றன. ஆகவே இந்த வசதி செய்வதெல்லாம் நம் பொருட்டுச் சற்றுக் காத்திருப்பது மட்டுமே.

அந்தக் காத்திருப்பு ஏன் பயன்படுகிறது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. எழுதும்போது மூன்று முறை படித்தும் கண்ணில் படாத பிழை, அனுப்பிய அடுத்த கணம் பளிச்சென்று தெரிகிறது. இது நம் எல்லோருக்கும் நேர்வது. எழுதுகிறபோது நாம் நம் மனத்துக்குள்ளேயே இருக்கிறோம். சொல்ல நினைத்ததையே சொன்னதாகவும் படிக்கிறோம். கையைவிட்டுப் போனதும் நம்மை அறியாமலே பெறுகிறவரின் இடத்தில் போய் நிற்கிறோம். அப்போதுதான் அந்த வாக்கியத்தின் கடுமை நம்மையும் சுடுகிறது. பிறருடைய கண்ணால் நம் சொல்லைப் பார்க்கும் அந்தப் பார்வை, பெரும்பாலும் சொல் போனபிறகே கிட்டுகிறது என்பதே மனித வாழ்வின் பழைய துயரம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கோபத்தில் இருப்பவர் யாரும் அமைப்புகளைத் திறந்து 5 நொடியை 30 ஆக்குவதில்லை. அது அமைதியான ஒரு நாளில், எந்தக் கடிதமும் மனத்தை அழுத்தாத வேளையில் செய்து வைக்கவேண்டிய வேலை. தன் கோபத்தை முன்கூட்டியே அறிந்து அதற்கு வேலி போட்டுவைக்கிற அந்தச் சிறு செயலைப் பார்க்கும்போது, அறம் என்று நாம் போற்றுவது சோதனை வந்த கணத்தின் வீரத்தைவிட, சோதனை வராத நாட்களில் நமக்கு நாமே செய்துகொள்ளும் ஏற்பாடுகளிலேயே அதிகம் அடங்கியிருக்கிறது என்றும், தெளிந்த மனம் கலங்கிய மனத்துக்குக் காவல் இருக்க ஒப்புக்கொள்வதே சுயக்கட்டுப்பாடு என்றும் தோன்றுகிறது.

தவறிய பெயரையும் விட்டுப்போன இணைப்பையும் பிடிக்க 30 நொடி போதும். மனக்கசப்பு ஆறப் போதாது. அதற்கு நீண்ட இடைவெளி வேண்டும். கணினியில் நிறுவும் ‘கிளாசிக்’ அவுட்லுக்கில் எல்லாக் கடிதங்களையும் 120 நிமிடம் வரை நிறுத்திவைக்கும்படி விதி அமைக்கலாம். ஜிமெயிலில் நேரம் குறித்து அனுப்பும் வசதி 2019-இல் வந்தது. பெறுகிறவரின் வசதிக்கானது என்றே அதை நினைக்கிறோம்; எழுதுகிறவருக்கும் அது உதவும். இரவு பதினொரு மணிக்கு எழுதிய பதிலைக் காலை ஒன்பதுக்கு என்று குறித்து வைத்தால், எட்டரை மணிக்கு அதை மீண்டும் திறப்பவர் உறங்கி எழுந்த வேறொருவர். திருத்தவும் நிறுத்தவும் அவருக்கு இன்னும் உரிமை இருக்கிறது.