அடைப்புக்குறிக்குள் ஓய்வு

கல்யாணப் பத்திரிகையை முகூர்த்த நேரம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்கிற ரகமல்ல நான். பெற்றோர் பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் வரும் வரிகளில்தான் எனக்குச் சுவாரசியம். வட்டாட்சியர் (ஓய்வு), தலைமையாசிரியர் (ஓய்வு), கிளை மேலாளர் (ஓய்வு). பணி முடிந்து பதினைந்து வருடம்கூட ஆகியிருக்கும். ஆனாலும் பதவி முழுசாக அச்சாகும். அது முடிந்துபோன செய்தி மட்டும் அடைப்புக்குறிக்குள் ஒடுங்கிக்கொள்ளும். வாசல் பெயர்ப் பலகையிலும் இதே கதைதான். சில வீடுகளில் அந்த அடைப்புக்குறியை வெயில் அழித்துவிடுகிறது. வீட்டுக்காரர் திரும்ப எழுதச் சொல்வதில்லை.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போட்டுக்கொள்வதை விட்டுவிடச் சொன்னது. சாதி போகவில்லை, பெயரின் வாலிலிருந்து மட்டும் தமிழ்நாட்டில் பெருமளவுக்கு இறங்கிவிட்டது. காலியான இடத்தில் படிப்பும் பதவியும் வந்து உட்கார்ந்துகொண்டன. பெயர் மட்டும் தனியாக நிற்பது நமக்கு ஏனோ கூச்சமாக இருக்கிறது, சட்டை போடாமல் தெருவுக்கு வந்துவிட்டதுபோல.

அரசு ஊழியரின் ஓய்வு வயது தமிழ்நாட்டில் நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020இல் 59 ஆகி, 2021இல் 60 ஆனது. அந்த வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாள் மாலையோடு பணி நிறைவு. 1ஆம் தேதி பிறந்தவருக்கு முந்தின மாதக் கடைசியிலேயே முடிந்துவிடும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. மூத்த தலைமுறையில் பலருக்குப் பணிப் பதிவேட்டில் இருக்கும் பிறந்தநாள் அவர்களுடையதே அல்ல. ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஹெட்மாஸ்டர் பையனை ஏற இறங்கப் பார்த்து உத்தேசமாகப் போட்ட தேதி. அந்த உத்தேசத்தின்படி ஒரு மனிதர் மாலை ஐந்தே முக்காலுக்கு அதிகாரியாக இல்லாமல் போகிறார். சால்வை, மோதிரம், வீடுவரை காரில் கொண்டுவந்து விடுதல் எல்லாம் நடக்கிறது. மறுநாளிலிருந்து கைபேசி அடிப்பதில்லை.

அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறை நேர்காணல் வரும். கருவூலத்தில் அதை மஸ்டரிங் என்பார்கள். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பரில் உயிர்வாழ் சான்று. 2014இலிருந்து விரலை வைத்தே அதைக் கொடுத்துவிடலாம், இப்போது முகத்தைக் காட்டினாலும் போதும். இத்தனை வருடம் ஊராருக்கு வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வாரிசுச் சான்று என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர், தான் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்க வரிசையில் நிற்கிறார். எத்தனை கோப்பு பார்த்தீர்கள், உங்களைக் கண்டு எத்தனை பேர் எழுந்து நின்றார்கள் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இருக்கிறீர்களா, அது நீங்கள்தானா? அவ்வளவுதான் கேள்வி. சிலருக்கு இது அவமானமாகப் படுகிறது. எனக்கென்னவோ, அரசு அலுவலகத்தில் கேட்கப்படும் கேள்விகளிலேயே ஆழமானது இதுதான் என்று தோன்றும்.

நீ வேறு, உன் பதவி வேறு என்று உபதேசம் செய்வது சுலபம். ஆனால் பறையடிக்கவும் துணி வெளுக்கவும் செத்த மாட்டைத் தூக்கவும் தலைமுறை தலைமுறையாக ஒதுக்கிவைக்கப்பட்ட வீடுகளை நினைத்துப் பாருங்கள். அங்கே தொழிலையும் ஆளையும் பிரித்துப் பார்க்க ஊர் சம்மதித்ததே இல்லை. அந்த வீட்டிலிருந்து முதன்முதலாகப் படித்து வந்த பெண் தன் பத்திரிகையில் எம்.ஏ., பி.எட். என்றும் அரசுப் பள்ளி ஆசிரியை என்றும் போட்டுக்கொண்டால், அது ஊருக்குச் சொல்லும் பதில். அந்தப் பத்திரிகையைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

சில பொறுப்புகளுக்குக் கடைசி நாள் என்பதும் இல்லை. தாசில்தாரைக் கட்டியவர் அந்தத் தெருவுக்கே தாசில்தாரம்மா. பிறகு இன்னாருடைய அம்மா, அப்புறம் பாட்டி. வங்கியில் திடீரென்று சொந்தப் பெயரைக் கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று உறைக்கச் சற்று நேரமாகும். அவருக்குச் சால்வையும் இல்லை, அடைப்புக்குறியும் இல்லை.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனால் அடியில் கலப்பில்லாத ஒரு ‘நான்’ அகப்படும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். துறவிகளுக்கு அகப்படலாம். குடும்பஸ்தர்களுக்குப் பெரும்பாலும் அகப்படுவது சலிப்பும் டிவி ரிமோட்டும்தான். வேலைக்குச் சேருவதற்கு முன்னால் இருந்த ஆளிடம் திரும்பிப் போகலாம் என்றால், அந்த இருபத்தைந்து வயதுப் பையன் எங்கும் காத்திருக்கவில்லை.

கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்க்கலாம். நாற்காலி நமக்கு ஜீப்பும் டவாலியும் வணக்கமும் கொடுத்தது. நாற்காலிக்கு நாம் என்ன கொண்டுபோனோம்? ஒரே இருக்கை, ஒரே விதிமுறை. முந்தைய அதிகாரி மனுவோடு வந்த கிழவியை விரட்டினார். அடுத்து வந்தவர் அவளை உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். இந்த வித்தியாசம் எந்த அரசாணையிலும் இல்லை. அது வந்தவரின் சொந்தச் சரக்கு, போகும்போதும் அவரோடு போகும். பேரன் சொல்லும் பாதிப் புரியாத கதையையும் அவர் முழுக்கக் கேட்பார். விரட்டினவர் வீட்டில் விரட்டிக்கொண்டிருப்பார்.

சிக்கல் என்னவென்றால், எல்லாம் சரியாக ஓடும்போது எது நாற்காலியுடையது, எது நம்முடையது என்று தெரிவதில்லை. இரண்டும் மோதிக்கொள்ளும்போதுதான் தெரியும்.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் திண்டிவனம் பக்கத்து விவசாயி. (ஏடுகளில் சாதிப் பட்டத்தோடுதான் இருக்கிறார், ஜனங்கள் ஊரை வைத்து ஓமந்தூரார் ஆக்கிவிட்டார்கள்.) 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார், முதல்வர் பதவிக்கு அன்று அதுதான் பெயர். ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம் எல்லாம் அவர் காலத்தவை. ஆனால் கட்சிக்காரர்கள் கொண்டுவந்த சிபாரிசு எதுவும் அவரிடம் எடுபடவில்லை. சொந்தக் கட்சிக்குள்ளேயே புகைச்சல் முற்றியது. 1949 ஏப்ரலில் விலகிக்கொண்டு வடலூர் பக்கம் போனார். வள்ளலார் வழியில் பிள்ளைகளுக்கான பணிகளிலும் விவசாயத்திலும் மீதி நாளைச் செலவிட்டு 1970இல் மறைந்தார். கொஞ்சம் வளைந்து கொடுத்திருந்தால் கோட்டையில் இன்னும் சில வருடம் இருந்திருக்கலாம். அந்த வளையாத பிடிவாதத்தைப் பதவி அவருக்குக் கொடுக்கவில்லை. பதவியைப் பறித்ததே அதுதான். வடலூருக்கு அவரோடு வந்ததும் அதுதான்.