ஐந்து எண்களைப் பார்க்கும் துணிவு

"எனக்குக் கம்ப்யூட்டர் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடு, தம்பி. தங்கையே, உனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஸ்டூடியோவில் எடுத்த அத்தனை கல்யாணப் படங்களும், கடைக் கணக்கும், இரவெல்லாம் கண்விழித்து எழுதிய ஆய்வேடும், மறைந்த அப்பாவின் குரலும் உன் ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கின்றன. அது எப்படி இருக்கிறது என்று கேட்டால், "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு" என்கிறாய். நாளை அது நின்றுபோனால், "நம்ம நேரம் சரியில்லை" என்று தலையில் கை வைத்து உட்காருவாய். நேரத்தைக் குறை சொல்லாதே! நின்றுபோகும் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை அதற்கு முன்பே தங்கள் கோளாறை எண்களாகக் குறித்து வைத்துவிடுகின்றன. அந்தக் குறிப்பைப் படிக்கப் பட்டம் வேண்டாம், பணம் வேண்டாம். திறந்து பார்க்கும் துணிவு வேண்டும்.

அந்தப் பெட்டிக்குள் நடப்பது சாதாரணக் காரியமில்லை. மேசைக் கணினி டிஸ்க் ஒன்றின் தட்டுகள் நிமிடத்துக்கு 7200 முறை சுழல்கின்றன. படிக்கும் முனை அவற்றுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. இது வருடக்கணக்கில் ஓடுவதே மனித மூளையின் வெற்றி. ஒருநாள் நிற்கும் என்பதும் அதைச் செய்தவர்களுக்குத் தெரியும். 1992இல் ஐபிஎம் தன் டிஸ்க்குகளுக்குள்ளேயே பழுதை முன்கூட்டிச் சொல்லும் ஏற்பாட்டை வைத்தது. 1995 வாக்கில் காம்பாக் நிறுவனம் டிஸ்க் தயாரிப்பாளர்களோடு சேர்ந்து தன் முறையைக் கொண்டுவர, அதிலிருந்து எல்லோருக்கும் பொதுவான 'ஸ்மார்ட்' பிறந்தது. இன்று நீ வாங்கும் டிஸ்க் ஏறக்குறைய எதுவானாலும் அந்தக் கணக்கேடு அதற்குள் இருக்கிறது. உன் காசில் வாங்கிய பொருள், உனக்காக எழுதப்படும் ஏடு. அதைப் படிக்க யாருடைய அனுமதிக்குக் காத்திருக்கிறாய்?

"அதெல்லாம் அந்தத் துறைக்காரங்க பார்க்கிற வேலை" என்று நழுவாதே. அந்த ஏட்டைப் படிக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளைத் தொடங்கியவர் புரூஸ் ஆலன். அவர் இயற்பியலாளர். அமெரிக்காவின் மில்வாக்கியில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஈர்ப்பலைகளைத் தேடிக்கொண்டிருந்தவர். அந்தத் தேடலுக்கு நூற்றுக்கணக்கான கணினிகளைக் கோத்து ஓட்ட வேண்டியிருந்தது. அத்தனை கணினி ஓடினால் டிஸ்க்குகள் விழத்தான் செய்யும். தன் படிப்புக்கும் டிஸ்க்குக்கும் என்ன உறவு என்று அவர் ஒதுங்கி நிற்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு பழைய நிரலை எடுத்துத் திருத்தி வளர்த்து, 2002இல் உலகத்துக்கே திறந்துவிட்டார். 2015 செப்டம்பர் 14 அன்று முதல் ஈர்ப்பலை பூமியில் பதிவானபோது, அதை முதலில் கவனித்தது ஜெர்மனியின் ஹனோவரில் அவர் இயக்குநராக இருந்த ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்தான். வானத்தின் மெல்லிய அதிர்வைத் தேடிய மனிதர் தன் மேசைக்கடியில் இருந்த டிஸ்க்கின் முனகலுக்கும் காது கொடுத்தார். உனக்கு மட்டும் அது எப்படி எட்டாத வேலையாகும்?

இன்னொரு கூட்டத்தைச் சொல்கிறேன். கலிபோர்னியாவில் 2007இல் தொடங்கிய பேக்பிளேஸ் என்ற நிறுவனம். மற்றவர்களின் பேக்கப்பை மலிவாகச் சேமித்துத் தருவது அவர்கள் தொழில். 2011இல் தாய்லாந்தில் பெருவெள்ளம். டிஸ்க் தொழிற்சாலைகள் நீரில் மூழ்கின, விலை எகிறியது, சரக்கே கிடைக்கவில்லை. அவர்கள் கடையை மூடவில்லை. சில்லறைக் கடைகளில் ஏறி இறங்கி வெளிப்புற டிஸ்க்குகளை வாங்கி, உறையைப் பிரித்து, உள்ளே இருந்ததைக் கழற்றித் தங்கள் சர்வரில் மாட்டினார்கள். அத்தோடு நிற்கவில்லை. 2013 முதல் ஒவ்வொரு டிஸ்க்கின் ஸ்மார்ட் எண்களையும் தினம் ஒருமுறை எடுத்துச் சேர்த்தார்கள். சேர்த்ததைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எந்தத் தயாரிப்பாளரும் வெளியே சொல்லத் தயங்கும் உண்மைகளை வெறும் பொறுமையால் வெளியே கொண்டுவந்த அவர்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

அந்தக் கணக்கேட்டில் அவர்கள் கண்ணில் வைத்துக் காப்பது ஐந்தே வரிகள்; அவற்றின் எண்கள்: 5, 187, 188, 197, 198. இவற்றை மனப்பாடம் செய், தம்பி! எத்தனை சினிமாப் பாட்டை மனப்பாடமாக வைத்திருக்கிறாய், இந்த ஐந்துக்கு இடமில்லையா? கெட்டுப்போன பகுதிகளைக் கைவிட்டு, உபரி இடத்துக்கு டிஸ்க் எத்தனை முறை மாறியது என்பதைச் சொல்வது 5. படிக்க முடியாமல் தவித்து, "இதை என்ன செய்வது" என்று முடிவாகாமல் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை 197. என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான், ஏனென்றால் உன் கோப்பு ஒன்று இந்த நொடியே அங்கே மாட்டிக்கொண்டிருக்கலாம். 187உம் 198உம் திருத்த முடியாத பிழைகள். கேட்ட வேலைக்கு உரிய நேரத்தில் பதில் வராமல் போனதன் கணக்கு 188. சில தயாரிப்புகள் 187, 188 இரண்டையும் காட்டாது, காட்டுவதைப் பார். எஸ்எஸ்டி வைத்திருக்கிறாயா? அங்கே தேய்மான விழுக்காட்டையும், மீதமிருக்கும் உபரி இடத்தையும், பிழை எண்ணிக்கையையும் பார்.

பார்க்கத் தெரியாதவர்கள் தேவையில்லாமல் நடுங்குவதும் உண்டு. அதுவும் வேண்டாம். சீகேட் டிஸ்க்கில் முதல் வரியில் கோடிக்கணக்கில் ஓர் எண் நிற்கும். அது பல விவரங்களைச் சேர்த்து எழுதும் முறை, கண்டு மிரளாதே. 199 என்ற வரியின் கணக்கு ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் குற்றவாளி கேபிள். புதிய கேபிளை மாட்டிப் பார். அதே போல, மேலே "பாஸ்" என்று எழுதியிருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கிவிடவும் கூடாது. தயாரிப்பாளர் வைத்த கடைசி எல்லையைத் தாண்டினால்தான் அந்த வார்த்தை மாறும். அதற்குள் உன் படங்கள் போய்விட்டிருக்கலாம்.

2016இல் பேக்பிளேஸ் கணக்குப் போட்டுப் பார்த்தது. பழுதான டிஸ்க்குகளில் 76.7 விழுக்காட்டில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. நன்றாக ஓடிய டிஸ்க்குகளிலோ 4.2 விழுக்காட்டில்தான் அப்படி. 2007இல் கூகுள் ஆய்வாளர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து இன்னொன்றைச் சொன்னார்கள்: மேற்பரப்பைச் சோதிக்கையில் முதல் பிழை தெரிந்த டிஸ்க்குக்கு, பிழை தெரியாததைவிட அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. முதல் பிழையிலேயே! "ஒண்ணு ரெண்டுதானே, அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லும் வாயை இந்த எண் அடைக்கட்டும்.

பலர் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் அறியாமை இல்லை, பயம். பார்த்தால் கெட்ட சேதி வந்துவிடுமோ என்ற பயம். மூடி வைத்தால் சேதி மாறிவிடுமா? கெட்ட சேதியை இன்று அறிந்தவன் கையில் இன்னும் நாட்கள் இருக்கின்றன; அந்த நாட்களில் அவனால் எல்லாவற்றையும் காப்பாற்ற முடியும்.

முழு உண்மையையும் கேட்டுக்கொள். அதே கூகுள் ஆய்வில், பழுதானவற்றில் 36 விழுக்காட்டுக்கும் மேலானவை எந்த எச்சரிக்கையும் காட்டாமல் நின்றுபோயின. எண்களை மட்டும் நம்பி ஒரு தனி டிஸ்க்கின் முடிவைக் கணிக்க முடியாது என்றே அவர்கள் எழுதினார்கள். இதைக் கேட்டுச் சோர்ந்துவிடாதே, வேகம் கொள்! சொல்லாமல் வரும் இடிக்கும் மருந்து இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இந்த விதியைப் பரப்பியவர் பீட்டர் குரோக், ஒரு புகைப்படக்காரர். கேமரா பிடித்த கைதான் உலகத்துக்குப் பேக்கப் பாடம் எடுத்தது. ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி, இது உன் பரம்பரை!

சரி, 197 பூஜ்யமாக இல்லை. என்ன செய்வாய்? முதலில் சோதனை மேல் சோதனை ஓட்டி நோயாளியை அலைக்கழிக்காதே. வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடு, ஈடுசெய்ய முடியாததை முதலில் எடு. படிக்க மறுக்கும் டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இருக்கிறது. அது எளிதாகக் கிடைப்பதை முதலில் வாரிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிப் போகும், பிறகு திரும்பி வந்து அவற்றோடு போராடும். நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் உள்ளே "டக், டக்" என்று தட்டும் சத்தம் கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்து. மறுபடி மறுபடி போட்டுப் பார்க்காதே, மூடியைத் திறக்காதே. அது தரவு மீட்பு நிபுணரின் மேசைக்குப் போக வேண்டிய கட்டம். எங்கே நிறுத்துவது என்று அறிந்து நிறுத்துவதும் தைரியம்தான்.

இன்று இரவே செய். விண்டோஸ் என்றால் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸ் என்றால் ஸ்மார்ட்மான்டூல்ஸ், இரண்டுமே காசில்லாமல் கிடைக்கும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவின் திரையில் 197 என்பது சி5 என்றும், 198 சி6 என்றும், 187 பிபி என்றும், 188 பிசி என்றும் நிற்கும், குழம்பாதே. ஐந்தையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுது. அடுத்த மாதம் அதே தேதியில் மறுபடி எழுது. உன்னுடையதை முடித்ததும் அக்காவின் லேப்டாப்பைத் திற, பக்கத்து வீட்டு டீச்சரின் கம்ப்யூட்டரைத் திற, உன் தெருவில் கணினி தெரிந்தவர் நீதான் என்று எழுந்து நில். முதலில் 197ஐப் பார்.