எங்கள் பிதா, நம் பிதா

போன மாதம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நடுத்தர வயதுச் சகோதரி ஒருவர் வந்தார். "ஐயா, ஜெபத்துல மத்ததெல்லாம் சொல்லிடுவேன். 'பிதாவே'ன்னு மட்டும் வாய் வராது. எங்க அப்பா குடிச்சிட்டு வந்து எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்குவாரு. விடிய விடியத் திண்ணையில கிடப்போம்" என்றார். தேவன் தகப்பனைப் போல அன்பானவர் என்று அதுவரை ஒரு மணி நேரம் பேசியிருந்தேன். அவ்வளவு நேரமும் அவருக்குத் தெரிந்தது அந்தத் திண்ணைதான்.

எனக்குப் பதில் வரவில்லை. அங்கிருந்து இந்தத் திண்டிவனத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர். பஸ்ஸில் உட்கார்ந்து லூக்கா 11ஆம் அதிகாரத்தைத் திறந்தேன். இயேசு சீஷர்களுக்குப் பரமண்டல ஜெபத்தைக் கற்றுக்கொடுக்கிறார். கொடுத்த கையோடு சொல்லும் கதை, சாத்திய கதவைப் பற்றியது! நடுராத்திரியில் ஒருவன் சிநேகிதன் வீட்டைத் தட்டி மூன்று அப்பம் கடன் கேட்கிறான். உள்ளே இருப்பவனும் ஒரு தகப்பன்தான். பிள்ளைகளோடு படுத்துவிட்டான், எழுந்திருக்க மனமில்லை. வெளியே நிற்பவன் விடாமல் தட்டுகிற தொல்லைக்காகத்தான் கடைசியில் எழுகிறான்.

நாம் இதை வைத்து, "விடாமல் தட்டு, வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும்" என்று பிரசங்கிக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் பிதா அந்த வீட்டுக்காரனைப் போன்றவர் அல்ல என்று காட்டத்தான் இயேசு இந்தக் கதையையே எடுத்தார்.

இந்த ஊரிலும் ஓர் இரவு மூன்று முறை கதவு தட்டப்பட்டது. 1890-களின் தொடக்கம். ஆற்காடு மிஷன் மருத்துவர் ஜான் ஸ்கடரின் வீடு. மகள் ஐடாவுக்கு இருபது வயதுக்கு மேல் இருக்கும். நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்தவர். மிஷனெரி வாழ்க்கையே வேண்டாம், திரும்பிப் போய்விடுவது என்ற முடிவோடுதான் இருந்தார். அன்று இரவு ஒரு பிராமணர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, நீங்கள் வரவேண்டும் என்றார். நான் டாக்டர் இல்லை, அப்பாவை அழைக்கிறேன் என்றார் ஐடா. வேற்று ஆணை உள்ளே விட முடியாது என்று அவர் போய்விட்டார். பிறகு ஒரு இஸ்லாமியர், அவருக்குப் பின் இன்னொரு இந்து. மூவருக்கும் அதே தேவை, மூவரிடமிருந்தும் அதே மறுப்பு. காலையில் பறைச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களுமே இறந்துபோனார்கள்.

கதவு திறந்துதான் இருந்தது. வைத்தியம் தெரிந்த தகப்பனும் வீட்டுக்குள்தான் இருந்தார். போக வேண்டியவள் மகள். அவள் கையிலோ ஒன்றுமில்லை. ஐடா போய்ப் படித்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம், 1900இல் வேலூர். வந்த சில மாதங்களில் தகப்பனார் காலமானார். ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாயிற்று. இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலூருக்கு பஸ் ஏறியிருக்கிறீர்கள்! அந்த ஆஸ்பத்திரிதான்.

தமிழில் ஒரு நுட்பம் உண்டு. 'எங்கள்' என்றால் கேட்கிறவர் அதில் சேர்த்தியில்லை. 'நம்' என்றால் அவரும் சேர்த்தி. தேவனைப் பார்த்து 'எங்கள் பிதாவே' என்பது சரியான இலக்கணம். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்தும் அதே 'எங்கள்' என்றால், அவரைத் திண்ணையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டோம் என்று பொருள். அந்த மூன்று வீடுகளுக்கும் பிதா யார் என்று ஐடா கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

விழுப்புரத்துச் சகோதரியை அடுத்த முறை பார்த்தால் இதைச் சொல்வேன்: அம்மா, உங்கள் அப்பாவைப் பெரிதாக்கி வானத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். வெளிப்படுத்தின விசேஷத்தில் இயேசு கதவுக்கு வெளியே நின்றுதான் தட்டுகிறார். அவரைப் பார்ப்பதே பிதாவைப் பார்ப்பது என்கிறது யோவானின் சுவிசேஷம். அப்படியானால், அந்த ராத்திரிகளில் அவர் வீட்டுக்குள் இல்லை. திண்ணையில், உங்கள் பக்கத்தில் இருந்தார்.

எழுந்து நிற்போம். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்து சொல்லலாம். 'எங்கள்' வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் மெதுவாக.