வீடு சொந்தம், தெரு யாருக்கு?

தன் வீட்டை நாள் வாடகைக்கு விட ஒருவர் ஏன் ஊரின் அனுமதியைப் பெற வேண்டும்? சுற்றுலாத் தலங்களின் நகராட்சிக் கூட்டங்களில் எழும் இந்தக் கேள்வியின் அடியில் இருப்பது, சொத்துரிமை எதுவரை செல்லும் என்ற பழைய தத்துவக் கேள்விதான். கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களின் எல்லையில், தாஹோ ஏரிக்கரையில் உள்ள சவுத் லேக் தாஹோ என்ற அமெரிக்க ஊரில் இது வாக்குச்சாவடிக்கும் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது.

ஏறத்தாழ 21,000 பேர் வாழும் அந்த ஊருக்குக் கோடையில் ஏரியும் குளிர்காலத்தில் பனிச்சறுக்கும் கூட்டத்தை இழுக்கின்றன. குடியிருப்புத் தெருக்களில் வீடுகள் பல விடுதிகளாக மாறின. 2018 நவம்பரில் 'மெஷர் டி' என்ற தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்து, வெறும் 58 வாக்கு வித்தியாசத்தில் வென்றது. சுற்றுலா மையப் பகுதிக்கு வெளியே இருந்த குடியிருப்புகளில் நாள் வாடகை 2021 முடிவோடு நிற்க வேண்டும் என்றது அது. ஊரிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் மட்டும் ஆண்டுக்கு 30 நாள் வரை தங்கள் வீட்டை வாடகைக்கு விட அது அனுமதித்தது.

வீட்டுக்காரர்கள் பக்கம் நிற்கும் வாதத்துக்குத் தத்துவஞானி ஜான் லாக் துணை. உழைப்பால் வந்த சொத்து இயற்கையான உரிமை என்பது 1689இல் வெளிவந்த அவரது நூலின் கருத்து. ஆனால் பிறருக்கும் போதிய அளவு எஞ்சியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே வைத்தார். தாஹோ ஏரிப் படுகையில் புதிய கட்டுமானம் கடுமையாகக் கட்டுப்படுத்தப்படுகிறது. வீடுகள் நினைத்தபடி பெருக முடியாத இடத்தில் அந்த நிபந்தனை வெறும் ஏட்டுப் பேச்சாக இராது.

பிறருக்குத் தீங்கு நேரும்போது மட்டுமே ஒருவரின் சுதந்திரத்தில் சமூகம் தலையிடலாம் என்றார் மற்றொரு தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில். நள்ளிரவுக் கூச்சல், தெருவை அடைக்கும் கார்கள், கரடி கிளறிப் போடும் குப்பை ஆகியவை கண்கூடான தீங்குகள். தங்குவோர் எண்ணிக்கைக்கு வரம்பு, கரடி திறக்க முடியாத குப்பைப் பெட்டி, அபராதம் என்று உரிம நிபந்தனைகளால் இவற்றைச் சமாளிக்கலாம். ஆனால் விருந்தினர் எல்லோரும் ஒழுங்காக நடந்தாலும் ஒரு தெருவில் அண்டை வீட்டார் இல்லாமல் போகலாம். அந்த இழப்புக்கு எந்தத் தனி வீட்டுக்காரரையும் குற்றவாளி ஆக்க முடியாது. எனவேதான் வாடகை வீடுகளின் மொத்த எண்ணிக்கைக்கே ஊர்க்காரர்கள் வரம்பு கோருகிறார்கள்.

அயலாருக்கு வந்துபோகும் உரிமை உண்டு, விருந்தினராகத் தங்குவதற்குத் தனி உடன்பாடு வேண்டும் என்று 1795இல் தத்துவஞானி இம்மானுவேல் காண்ட் பிரித்துக் காட்டினார். அவர் பேசியது நாடுகளைப் பற்றி. எனினும் நாள் வாடகை உரிமத்தை ஊர் அளவிலான அத்தகைய உடன்பாடாகக் கொள்ளலாம். அப்படியானால் அது சொத்தில் ஒட்டிப் பிறந்த உரிமை ஆகாது. 'மெஷர் டி'யை எதிர்த்த வழக்கில் 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஒட்டியே, ஓராண்டுக்குத் தரப்பட்ட உரிமத்தைப் புதுப்பித்தே தீர வேண்டும் என்ற உரிமை இல்லை என்றது.

ஆனால் உள்ளூர்க்காரர்களுக்கு 'மெஷர் டி' தந்த சலுகையை அதே தீர்ப்பு ஏற்கவில்லை. வெளிமாநில உரிமையாளர்களை அந்தச் சலுகை பாகுபடுத்துவதாகக் கண்டது. வழக்கு திரும்பி வந்தபின் 2025இல் கீழமை நீதிமன்றம் 'மெஷர் டி' முழுவதையும் ரத்து செய்தது.

ஊர்க்காரர்களின் கவலை நியாயமானது, அதைச் சட்டமாக்கிய விதம்தான் தவறியது. வீடு குடியிருப்பாகவே நீடிக்க வேண்டும் என்பது நோக்கமானால், 30 நாள் வரம்பை எல்லா வீடுகளுக்கும் பொதுவாக வைத்திருக்கலாம். வீட்டை என்ன செய்கிறார்கள் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. வீட்டுக்காரர் எந்த ஊர்க்காரர் என்பதை வைத்து உரிமையை அளப்பது நியாயமாகாது.