படங்கு

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், உடையலங்காரத்துக்கென்றே வெளிவரும் சஞ்சிகையொன்றின் காரியாலயத்தைப் பார்த்துவர வேண்டும் என்ற ஆசையை யாரிடமும் சொல்லாமல் நெடுநாள் மனத்துக்குள்ளேயே வைத்திருந்தேன். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் லய வீட்டில் பிறந்து, அம்மா கொழுந்து எடுத்த கூலியில் படிக்கவந்த ஒருத்தி, ஆசிரியத் தொழிலை விட்டுப் புடைவையையும் சட்டையையும் பற்றி எழுதி ஜீவிக்க நினைப்பது பெற்றவளுக்குச் செய்யும் துரோகமென்றே எனக்குத் தோன்றியது.

ஆயினும் ஒருநாள் அனுமதி பெற்றுக் கொழும்புக்கு ரயில் ஏறினேன். கோப்பியை ஏற்றிச்செல்ல மலையைக் குடைந்து போட்ட அந்தப் பாதை கண்டியை எட்டியது 1867 இல். அதே வருஷத்தில்தான் எங்கள் ஊருக்கு அயலிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். பின்னர் கோப்பியை இலைநோய் தின்றுவிட, தேயிலையும் பாதையும் நிலைத்தன. அவ்விரண்டையும் தாங்கி நின்ற தலைமுறைகளில் என் பாட்டியும் ஒருத்தி என்ற நினைவு, கடுகண்ணாவைச் சரிவில் வண்டி மெல்ல இறங்கும்போது நெஞ்சைக் கனக்கச் செய்தது.

காரியாலயத்தில் நான் எதிர்பார்த்த ஜொலிப்பு இல்லை. நீண்ட மேசையில் துணித்துண்டுகள் குண்டூசி குத்திக் கிடந்தன. சஞ்சிகையின் ஆசிரியை ஒவ்வொரு துண்டாக எடுத்து, மின்விளக்கை நம்பாமல் ஜன்னலருகே கொண்டுபோய், விரல்களுக்கிடையில் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம் ஒரு புகைப்படத்தை நீட்டி, "நீங்க மலையகமா பிள்ளை? இதைப் பார்த்துச் சொல்லுங்க, எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார்.

தேயிலைச் செடிகளின் நடுவே பட்டுடுத்திய பெண்ணொருத்தி, கூடைக் கயிற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். எனக்கு வாய் எழவில்லை, பின்பு சொன்னேன்: "கயிறு தோளில கிடந்தா ரெண்டு கையும் ஓடாது மிஸ். தலைத்துண்டை மடிச்சு உச்சியில வைச்சு, அதுக்கு மேலதான் கயிறு வரணும். இடுப்பில படங்கும் இல்லை." படங்கு என்றால் என்னவென்று அவர் கேட்டார். பனியில் ஊறிய செடிகள் புடைவையை நனைத்துக் கிழிக்காதபடி இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை சுற்றிக் கட்டும் தடித்த விரிப்பு என்று விளக்கினேன். அவர் பென்சிலால் படத்தின் விளிம்பில் அந்தச் சொல்லை எழுதி, எழுத்துச் சரியா என்று என்னிடமே காட்டினார்.

நான் வெட்கப்பட்டு மறைத்த வீட்டறிவு, அங்கே வேண்டியிருந்த அறிவாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் ஆசிரியையின் விரல்களே கண்முன் நின்றன. ஏனெனில் அந்தச் செய்கையை நான் முன்பே கண்டிருக்கிறேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கென்று கண்டியில் புடைவை எடுக்கும் என் அம்மா, கடைக்காரர் முகம் சுளித்தாலும் துணியை வாசற்படி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, தேயிலைக் கறை ஏறிக் கறுத்த விரல்களால் இதேபோலத்தான் ஓரத்தைத் தேய்த்துப் பார்ப்பாள்.

உடையைப் பற்றி முன்பே எழுதியவர்களில் ஒருவரான கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, 1905 இல் கண்டியில் அச்சிட்ட சிறு பிரசுரத்தில், ஐரோப்பிய உடையைக் கண்மூடி ஏற்பதை இரவல் இறகென்று கண்டித்தார். அவருடைய சினம் நியாயமானதே என்பது என் அபிப்பிராயம். எனினும், வருஷத்துக்கு ஒரே ஒரு புதுப்புடைவை வாங்க வாய்த்தவள் அந்த ஒன்றைத் தெரிந்தெடுக்கையில் காட்டும் சிரத்தையையும், அவளது சௌந்தர்ய உணர்வையும் யாரேனும் எழுதவேண்டாமா? தொழிலைத் தேர்ந்துகொள்ளும்போது, அதற்குள் நம் வீட்டாரையும் கூட அழைத்துச்செல்ல முடியுமா என்று கேட்டுப்பார்க்கும் வழக்கம் எனக்கு அன்றைக்கு வந்தது.

அந்த வாரக்கடைசியில் வீட்டுக்குப் போனேன். விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்பட்ட அம்மா படங்கைக் கட்டும்போது, மேல் விளிம்பை இரண்டு விரற்கடை உள்ளே மடித்து, கொசுவம் போல ஒரே ஒரு மடிப்பை இடப்பக்கம் விட்டாள். நடக்கக் கால் வீசவேண்டுமே, அதற்குத்தான் என்றாள். கொப்பியைத் திறந்து அந்த மடிப்பை வரையத் தொடங்கினேன்.

"நேரமாச்சு புள்ள" என்றவள், நான் வரைந்து முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.